செஞ்சி யாருடைய கோட்டை?



2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாரிசு நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுரிமைக் குழு, இந்தியாவைச் சேர்ந்த 12 கோட்டைகளை ஒரே தொகுதியாக உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. மராட்டியரின் இராணுவ நிலக்காட்சிகள் என்பது அத்தொகுதியின் பெயர். சிவனேரி, இராய்கட், பிரதாப்கட், பன்காளா என 11 கோட்டைகள் மகாராட்டிர மாநிலத்தில் உள்ளவை. 12ஆவது மட்டும் தமிழகத்தில், விழுப்புரம் மாவட்டத்தில் நிற்கும் நம் செஞ்சி.

இச்செய்தி வந்தபோது ஆசிரிய நண்பர்களிடையே இரண்டு விதமான பேச்சு எழுந்தது. செஞ்சிக்கு உலகப் புகழ் கிட்டியதே என்று மகிழ்ந்தோர் ஒரு சாரார். தமிழ் மண்ணில் உள்ள கோட்டைக்கு மராட்டியப் பெயரா என்று முகம் சுளித்தோர் மற்றொரு சாரார். கணக்கைப் பார்த்தால், மராட்டியர் செஞ்சியை வைத்திருந்தது 1677 முதல் 1698 வரை, வெறும் 21 ஆண்டுகள். அதற்கு முன்னும் பின்னும் கோன்கள், விசயநகரத்தார், நாயக்கர், பீசப்பூர் சுல்தான்கள், முகலாயர், ஆர்க்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒரு நீண்ட வரிசை உண்டு. அப்படியானால் இது யாருடைய கோட்டை? பள்ளியின் ஆண்டிறுதி விடுமுறையில் நானும் உடன் பணிபுரியும் இரண்டு ஆசிரியர்களும் தமிழகம் சென்றபோது, இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் மலை ஏறினோம்.

செஞ்சி, திண்டிவனத்திற்கும் திருவண்ணாமலைக்கும் இடையே உள்ளது. திண்டிவனத்திலிருந்து சற்றேறக்குறைய 28 கிலோமீட்டர். பேருந்து ஊரை நெருங்கும்போதே வியப்பு தொடங்கிவிடுகிறது. யாரோ அரக்கன் ஒருவன் கூடை கூடையாகப் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டியது போன்ற குன்றுகள். மண்ணே இல்லாத, பாறைமேல் பாறை அடுக்கிய மலைகள். நம் நாட்டில் மலை என்றாலே பசுங்காடு என்று பழகிய கண்ணுக்கு இக்காட்சி முற்றிலும் புதிது. அவற்றுள் மூன்று குன்றுகளை முக்கோணமாக இணைத்து மதில் எழுப்பியிருக்கிறார்கள். மேற்கே இராசகிரி, வடக்கே கிருட்டிணகிரி, தெற்கே சந்திரகிரி. மதிலின் மொத்த நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்பர். சமவெளியில் உள்ள மதில் சில இடங்களில் 20 மீட்டர் கனம். அதற்கு வெளியே ஏறத்தாழ 24 மீட்டர் அகலமுள்ள அகழி. திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலை இன்று கோட்டைக்குள் புகுந்தே செல்கிறது.

ஏறுவதற்கு முன் அடிவாரத்தைப் பார்த்துவிடுவது நல்லது. இறங்கி வந்தபின் கால்கள் ஒத்துழையா. இராசகிரியின் காலடியில் உள்ள உட்கோட்டையில்தான் பெருங்கட்டடங்கள் நிற்கின்றன. கல்யாண மகால் எனப்படும் மாடக்கோபுரம், அதன் முன் படித்துறையுடன் ஒரு சதுரக் குளம், சுற்றிலும் பெண்டிர் தங்கிய அறைகள். மாடத்தின் உச்சி கூம்பு வடிவம். வளைவுகளோ பீசப்பூர்ப் பாணியை நினைவூட்டுகின்றன. இதற்கு நீர் சுடுமண் குழாய்களின் வழியே வந்ததாம். அருகில் யானை நுழையும் அளவுக்குப் பெரிய நெற்களஞ்சியம், குதிரை லாயங்கள், உடற்பயிற்சிக் கூடம், ஆனைக்குளம். பெரும்பாலானவை நாயக்கர் காலத்தவை என்பது பொதுவான கருத்து.

அந்த நாயக்கர் காலச் செஞ்சியை நேரில் கண்டு எழுதிய ஐரோப்பியர் ஒருவர் இருக்கிறார். பிமெந்தா என்ற ஏசு சபைப் பாதிரியார் 1597ஆம் ஆண்டில் கிருட்டிணப்ப நாயக்கரின் அவைக்கு வந்தார். இந்தியாவில் தாம் கண்டவற்றுள் இதுவே மிகப் பெரிய நகரம் என்றும், லிசுபன் ஒன்றைத் தவிர்த்துப் போர்ச்சுகலின் எந்த நகரையும்விடப் பெரிது என்றும் அவர் குறித்தார். இன்றைய செஞ்சி ஒரு சிறிய பேரூர். கடைத்தெருவை ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம்.

கோட்டையைத் தொடங்கியவர் யார் என்று கேட்டால், ஊரார் தயங்காமல் ஆனந்தக் கோன் என்பர். ஆடு மேய்த்த கோனார் ஒருவர் மலையில் புதையல் கண்டெடுத்து, கி.பி. 1200 அளவில் முதல் கோட்டையைக் கட்டினார் என்பது வழிவழி வந்த கதை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயண பிள்ளை எழுதிய கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம் என்ற நூலில் இக்கதை இடம்பெற்றுள்ளது. நடந்ததாகச் சொல்லப்படுவதற்கு 600 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட நூல் அது. ஆகவே கல்வெட்டைப் போல அதை நம்ப வேண்டியதில்லை. ஆயினும் இடையன் ஒருவன் கோட்டை கட்டினான் என்ற கதையை ஓர் ஊர் இத்தனை காலம் காத்து வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கிருட்டிணகிரி என்ற பெயரே கிருட்டிணக் கோனால் வந்தது என்கின்றனர்.

இராசகிரிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் என்பார்கள். பத்துமலையின் 272 படிகளை ஆண்டுதோறும் ஏறுகிறோமே, இது என்ன பெரிது என்று எங்கள் கணித ஆசிரியர் எண்ணிக்கொண்டே ஏறத் தொடங்கினார். 640ஆவது படியில் ஒரு குரங்கு அவருடைய வாழைப்பழப் பையைப் பறித்துச் சென்றது. எண்ணிக்கை அத்துடன் நின்றது. பத்துமலைப் படிகள் ஒரே அளவினவை. இங்கோ ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது ஒரு சாண். படை வீரன் மூச்சிரைக்க வேண்டும் என்றே அப்படி வெட்டினார்களோ என்னவோ! அடிவாரத்தில் வெள்ளரிக்காய் விற்ற மூதாட்டி, “தம்பி, ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணி எடுத்துக்குங்க. மேல போனா ஒண்ணும் கெடைக்காது” என்றார். அவர் சொல்லைக் கேட்டவர்கள் பிழைத்தோம். செல்ல விரும்புவோர் காலை எட்டு மணிக்கெல்லாம் ஏறத் தொடங்குவது நலம். பிற்பகலுக்குப் பின் மேலே ஏற விடுவதில்லை.

வழியில் கமலக்கண்ணி அம்மன் கோவில் உள்ளது. மலைக்கே காவல் தெய்வம் அவள். கமலகிரி என்பது இம்மலையின் பழைய பெயர்களுள் ஒன்று. அரசர்கள் மாறினார்கள், கோட்டையின் பெயரும் மாறியது. பீசப்பூரார் பாதுசாபாத் என்றனர், முகலாயர் நுசரத்கட் என்றனர். கமலக்கண்ணிக்கு மட்டும் யாரும் வேறு பெயர் வைக்கவில்லை.

உச்சியை அடையச் சற்று முன்னர்தான் இராசகிரியின் இரகசியம் இருக்கிறது. உச்சிப் பாறை தனியே பிளந்து நிற்கிறது. இடையே ஏறத்தாழ 7 மீட்டர் அகலமும் 18 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு பிளவு. அதன்மேல் ஒரு பாலம். இன்று நாம் நடப்பதற்கு நிலையான பாலம் உள்ளது, அன்று மரப்பாலம். இழுத்துவிட்டால் உச்சி தனித் தீவாகிவிடும். பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தேன். ஏழு வாயில்களையும் கடந்து இவ்வளவு தூரம் ஏறி வந்த எதிரி, இங்கே ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும். பத்துப் பேர் போதும், ஒரு படையை நிறுத்திவிடலாம்.

உச்சியில் அரங்கநாதர் கோவில், நெற்களஞ்சியம், கருவூலம், மணிக்கூண்டு, ஒரு பீரங்கி. நல்ல நீர்ச் சுனைகளும் உண்டு. சோறும் நீரும் மேலே இருந்ததால்தான் இக்கோட்டை நின்றது. சுவரைப் பார்த்து வியப்பவர்கள் களஞ்சியத்தைப் பார்க்காமல் இறங்கிவிடுகிறார்கள்.

அங்கே ஒரு நிழலில் அமர்ந்துகொண்டு மராட்டியர் கதையை நாங்கள் பேசினோம். 1648இல் பீசப்பூர்ப் படை செஞ்சியை முற்றுகையிட்டபோது அப்படையில் தளபதியாக இருந்தவர்களுள் ஒருவர் சாகாசி போன்சுலே. அந்த முகாமிலேயே, தம் சொந்தத் தரப்பினராலேயே ஐயத்தின் பேரில் அவர் சிறைபிடிக்கப்பட்டார். அவருடைய மகன்தான் சிவாசி. 29 ஆண்டுகள் கழித்து, 1677இல், மகன் தெற்கே படையெடுத்து வந்து அதே செஞ்சியைப் பீசப்பூராரிடமிருந்து, பெரிய முற்றுகை எதுவுமின்றியே பெற்றுக்கொண்டார். பெற்ற கையோடு மதில்களை இடித்துத் திருத்திப் புதிதாக வலுப்படுத்தினார். மகாராட்டிரம் எங்கே, செஞ்சி எங்கே? இவ்வளவு தொலைவில் ஒரு கோட்டைக்கு ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும்?

விடை அவர் இறந்தபின் கிடைத்தது. 1680இல் சிவாசி மறைந்தார். 1689இல் அவர் மூத்த மகன் சம்பாசியை அவுரங்கசீப் பிடித்துக் கொன்றார். தலைநகர் இராய்கட்டும் வீழ்ந்தது. இளைய மகன் இராசாராம் பன்காளாவிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, வழியில் கெளதி அரசி சென்னம்மாவின் உதவியைப் பெற்று, அவ்வாண்டு நவம்பரில் செஞ்சி வந்து சேர்ந்தார். அன்று முதல் 8 ஆண்டுகளுக்கு மராட்டிய அரசின் தலைநகரம் நம் தமிழ் மண்ணில் இருந்தது. இதை நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. சி.எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதி 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூல் கைக்குக் கிடைத்த பிறகே இவையெல்லாம் கோவையாகப் புரிந்தன.

1690இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான் வந்து முற்றுகையிட்டார். முக்கோணக் கோட்டையை முழுவதும் சூழ அவரிடம் ஆள் இல்லை. மராட்டியக் குதிரைப் படைத் தலைவர்கள் சந்தாசியும் தனாசியும் வெளியிலிருந்து வந்து முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டார்கள். அவுரங்கசீப்பின் இளைய மகன் காம்பட்சு பகைவரோடு இரகசியமாகப் பேச முயன்று சொந்தத் தளபதிகளாலேயே சிறைப்பட்டார். 1693இல் முகலாயர் வந்தவாசிக்குப் பின்வாங்கினர், மீண்டும் வந்தனர். சுல்பிகார் கான் வேண்டுமென்றே காலம் கடத்தினார் என்ற பேச்சும் அன்றே இருந்தது. இறுதியில் 1698இன் தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தபோது இராசாராம் வேலூர் வழியாகத் தப்பிச் சென்றுவிட்டிருந்தார். முகலாயருக்குக் கிடைத்தது கல். அவர்கள் தேடி வந்த அரசனோ தன் நாட்டிற்குத் திரும்பிப் போரைத் தொடர்ந்தான். இந்த 8 ஆண்டுகள் செஞ்சி தாங்கியிராவிட்டால் மராட்டிய அரசு என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி இடம்பெற்றதில் நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து. 21 ஆண்டுகள்தாமே என்று கணக்குப் பார்ப்பது சரியாகாது.

இங்கே ஒரு சிறு செய்தி. ஆங்கிலேயர் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் விலைக்கு வாங்கியது இந்தச் செஞ்சி மராட்டியரிடம்தான். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறதோ அதுவரையுள்ள நிலம் வாங்கியவருக்குச் சொந்தம் என்பது உடன்பாடு. குண்டு விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. நில அளவைக்கு இப்படியும் ஒரு வழி!

ஆனால் தமிழர் நெஞ்சில் செஞ்சி என்றால் சிவாசியும் இல்லை, இராசாராமும் இல்லை. தேசிங்கு ராசன் மட்டுமே. என் தாத்தா திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து பால்மரம் வெட்ட வந்தவர். தோட்டத்து லயத்தில் மாலை வேளைகளில் பெரிய எழுத்துத் தேசிங்குராசன் கதையை அவர் இராகம் போட்டுப் படிக்க, பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்பார்களாம். என் தந்தையார் தலைமுறைக்கு 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படம் ஒன்று போதுமாக இருந்தது. இன்று என் மாணவர்களுக்கு இரண்டும் தெரியா. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒருநாள் இக்கதையை நான் சொல்லி முடித்ததும், ஒரு சிறுமி எழுந்து, “ஐயா, தேசிங்கு தமிழரா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. தேசிங்கின் இயற்பெயர் தேஜ்சிங். வடக்கே புந்தேல்கண்டைச் சேர்ந்த இராசபுத்திரர். செஞ்சி முகலாயர் கைக்கு வந்தபின் அவர் தந்தை சொரூப்சிங் கோட்டைத் தலைவராக அமர்த்தப்பட்டார். 1714இல் தந்தை இறக்க, மகன் வந்து பொறுப்பேற்றார். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கப்ப நிலுவையைக் கேட்டார். கோட்டை பேரரசர் எங்களுக்குத் தந்தது, உமக்கு எதற்குக் கப்பம் என்றார் இளைஞர். 1714 அக்டோபர் 3ஆம் நாள் சிறு படையோடு போருக்குச் சென்று மாண்டார். அப்போது அவருக்கு அகவை 22. ஆண்ட காலம் ஓராண்டும் நிறையவில்லை. இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். கோட்டைக்குள் இருக்கும் குளக்கரையை அதற்கு இடமாகக் காட்டுகிறார்கள். அவள் நினைவாகவே நவாபு இராணிப்பேட்டை என்ற ஊருக்குப் பெயர் சூட்டினார் என்பதும் மரபு. பக்கத்துச் சிங்கவரம் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதர், போருக்கு விடைகேட்டு வந்த தேசிங்கைத் தடுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று இன்றும் சொல்கிறார்கள்.

தமிழ் அறியாத குடும்பத்தில் பிறந்து, ஓராண்டுகூட ஆளாத ஓர் இளைஞனைத் தமிழ்ப் பாமர மக்கள் 300 ஆண்டுகளாகப் பாடி வருகிறார்கள். அவன் தோழன் மகமத்கான் என்ற முசுலிம் வீரன். தன் திருமணப் பந்தலிலிருந்து எழுந்து ஓடிவந்து நண்பனோடு மாண்டவன் என்கிறது கதை. எதிர்த்த நவாபும் முசுலிம்தான். ஆகவே இது மதப்போர் என்று சொல்ல வருவோருக்குக் கதையே இடங்கொடுப்பதில்லை. கோட்டைக்குள் சாதத்துல்லா கான் எழுப்பிய பள்ளிவாசல் அழகாக நிற்கிறது. நாயக்கர் கட்டிய வெங்கடரமணர் கோவிலும் அண்மையிலேயே நிற்கிறது. அக்கோவிலின் நுழைவாயிலில் இராமாயணக் காட்சிகளைக் கல்லில் செதுக்கியுள்ளனர். நின்று பார்க்க அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சுற்றி நிற்கும் உயர்ந்த கல்தூண்கள் பிரெஞ்சுக்காரர் செஞ்சியிலிருந்து கொண்டுசென்றவை. பூசி என்ற தளபதி 1750 செப்டம்பரில் ஒரே இரவில் இம்மலைகளைப் பிடித்தார். முகலாயருக்கு 8 ஆண்டுகள், பூசிக்கு ஓர் இரவு! காவல் இருப்போர் மனம் தளர்ந்தால் கல் என்ன செய்யும்? 1761இல் ஆங்கிலேயரிடம் சென்று, 1780இல் ஐதர் அலியிடம் சிக்கி, பின்னர் எவருக்கும் தேவைப்படாமல் போயிற்று.

அந்தச் சிறுமிக்கு, “தமிழர் இல்லை அம்மா. ஆனால் அவரைப் பற்றிப் பாடியவர்கள் எல்லாரும் தமிழர்” என்று விடை சொன்னேன். கடல் கடந்து வந்து மூன்று தலைமுறையாக இன்னொரு மண்ணில் வாழும் நம் பிள்ளைகளுக்கு, ஒருவன் எந்த ஊரில் பிறந்தான் என்பதும் எந்த ஊர் அவனை ஏற்றுக்கொண்டது என்பதும் வேறு வேறு கேள்விகள் என்று தெரிந்திருக்க வேண்டும். செஞ்சியை மராட்டியருடையது என்று எழுதினால் எனக்கு வருத்தமில்லை. மராட்டியருடையது மட்டுமே என்று எழுதினால் வருத்தம். தமிழருடையது மட்டுமே என்று நாம் சொன்னாலும் அதே பிழைதான்.

மறுநாள் காலை, பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரிக்குச் சென்றோம். செஞ்சியிலிருந்து சில கிலோமீட்டர்தான். அங்கே பல்லவர் காலக் குடைவரைச் சிவாலயமும், திரௌபதி அம்மன் கோவில்களுக்கெல்லாம் தாய்க்கோவிலாகச் சுற்றுவட்டாரத்தார் போற்றும் ஆலயமும் உள்ளன. திரௌபதி வழிபாடு இப்பகுதியிலிருந்து கூத்தோடும் தீமிதியோடும் பரவியது என்பதை ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அம்மனுக்குக் காவலாக நிற்கும் முத்தால் ராவுத்தரும் ஒரு முசுலிம் வீரரே. பூசாரி எங்கள் ஊரைக் கேட்டார். மலேசியா என்றோம். “அங்கெல்லாம் அம்மனுக்குத் தீ மிதிக்கிறாங்களா?” என்றார். தீபாவளிக்கு முன்பு சிங்கப்பூர் மாரியம்மன் கோவிலில் நடக்கும் தீமிதி திரௌபதி அம்மனுக்கு உரியதே என்றும், அங்கு வாழும் என் அக்காள் ஆண்டுதோறும் செல்வார் என்றும் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. உள்ளே சென்று இரண்டு பொட்டலம் குங்குமம் மடித்துக் கொண்டுவந்து, ஒன்று எங்களுக்கு, மற்றொன்று அக்காளுக்கு என்று கையில் கொடுத்தார்.